பார்சல் அனுப்பாதே

அடி ஒட்டடைக்குச்சி,

திட்டுவதையெல்லாம் முதலிலேயே திட்டி முடித்துவிடு, அப்புறம் படி. ஏழு மாதமாக எழுதவில்லை, உன் பிறந்தநாளைக்கூட போனில் இரண்டு வரியோடு முடித்துக்கொண்டேன், ஒப்புக்கொள்கிறேன். இங்கே எல்லாரும் நலம். இவருக்கு முதுகுவலி பரவாயில்லை. பெரியவள் என்னைவிட உயரமாகிவிட்டாள் (நீ என்ன சொல்லப்போகிறாய் என்று தெரியும், வேண்டாம்). சின்னவன் கணக்கில் என்னை மாதிரியே. அம்மாவுக்குக் கண் ஆபரேஷன் நல்லபடியாக முடிந்து, இப்போது தூசி எல்லாம் கண்ணுக்குத் தெரிகிறது என்று என் வீட்டைக் குறை சொல்கிறாள். போதுமா? சரி, விஷயத்துக்கு வருகிறேன்.

போன வாரம் கிரெடிட் கார்டுக்கு ஒரு தவணை கட்டினேன். கட்டியதும் பாக்கி எதுவும் இல்லை என்று திரையில் வந்தது. அப்பாடா என்று சாய்ந்து உட்கார்ந்த பிறகுதான் உறைத்தது, அது எதற்குக் கட்டிய தவணை என்று. போன கிறிஸ்துமஸுக்கு! இந்தக் கிறிஸ்துமஸுக்கு இன்னும் ஐந்தே வாரம். சின்னவனுக்கு வாங்கிய ரிமோட் காரை அவன் பிப்ரவரியிலேயே பிரித்துப் போட்டு, அதன் சக்கரத்தை வேறு எதற்கோ மாட்டிவிட்டான். இல்லாத காருக்கு நான் நவம்பர் வரை பணம் கட்டியிருக்கிறேன் பார்.

இவர் உடனே பேப்பரை எடுத்துக் கணக்குப் போட ஆரம்பித்துவிட்டார், அவர் குணம்தான் உனக்குத் தெரியுமே. 100 செலவழித்தாய் என்று வை. மாதம் 3 சதவீத வட்டி. நீ மாதாமாதம் 10 கட்டிக்கொண்டு வருகிறாய். பன்னிரண்டு மாதம் கட்டின பிறகும் துளி பாக்கி நிற்கிறது, அதற்குள் 120 கொடுத்திருப்பாய். அதாவது ஒரு பண்டிகையின் கடன் சரியாக அடுத்த பண்டிகை வாசல்வரை வந்து கையைக் காட்டிவிட்டுப் போகிறது, மறுநாளே அடுத்த கடன் உள்ளே வருகிறது. நாங்கள் எத்தனை வருடமாக இப்படி ஓடிக்கொண்டிருக்கிறோம் என்று கேட்டார். நான் காப்பி போடப் போய்விட்டேன்.

ஆனால் தூக்கம் வரவில்லை. ராத்திரி எழுந்து, போன டிசம்பரில் வந்த பேங்க் குறுஞ்செய்திகளை ஒவ்வொன்றாகப் பார்த்து ஒரு நோட்டில் எழுதினேன். பிள்ளைகளுக்குத்தான் அதிகம் செலவாகியிருக்கும் என்று நினைத்தேன். நீயும் அப்படித்தானே நினைப்பாய்? எல்லா அம்மாக்களும் பிள்ளைகள்மேல்தான் பழியைப் போடுகிறோம். இரண்டு பேருக்கும் சேர்த்து மொத்தத்தில் ஐந்தில் ஒரு பங்குகூட வரவில்லையடி. பயணம், விருந்து, அலங்காரம் எல்லாம் நினைத்த அளவுதான். பெரிய துண்டு இரண்டு. ஒன்று, பெரியவர்கள் ஒருவருக்கொருவர் கொடுத்துக்கொண்டது. இன்னொன்று கடைசி மூன்று நாள். அந்த மூன்று நாளில் எனக்குள் ஏதோ புகுந்துவிடுகிறது. வாங்கினது போதாதோ, யாராவது எதிர்பாராமல் ஏதாவது கொண்டுவந்தால் திருப்பிக் கொடுக்க ஒன்றும் இல்லையே என்று 'உபரி' பரிசுகள் வாங்குகிறேன். யாருக்கென்றே தெரியாமல் வாங்கிய பரிசு! பரணில் ஏறிப் பார்த்தேன், நான்கு இருக்கின்றன, வண்ணத்தாள்கூடப் பிரியாமல். உள்ளே என்ன இருக்கிறது என்று எனக்கே நினைவில்லை. ஒன்றைக் குலுக்கினால் உள்ளே ஏதோ உடைந்த சத்தம் கேட்கிறது.

பெரியவர்கள் பட்டியலில் யாருக்காக அதிகம் செலவழித்திருக்கிறேன் என்பதைக் கடைசியில் சொல்கிறேன். நினைவு வைத்துக்கொள்.

இதைத் தம்பியிடம் சொன்னேன், நம்ம பொருளாதாரப் புலியிடம். அவனுக்கு ஒரே குஷி. 1993இல் ஜோயல் வால்ட்ஃபோகல் என்கிற பொருளாதாரப் பேராசிரியர் இதைப் பற்றி ஒரு ஆய்வே வெளியிட்டிருக்கிறாராம். மாணவர்களிடம் இரண்டு கேள்வி. உனக்கு வந்த பரிசுகளுக்குக் கொடுத்தவர்கள் எவ்வளவு செலவழித்திருப்பார்கள்? பாசத்தைக் கழித்துவிட்டு, பொருளுக்கு மட்டும் நீ எவ்வளவு மதிப்புப் போடுவாய்? இரண்டுக்கும் நடுவே விலையில் பத்தில் ஒரு பங்கிலிருந்து மூன்றில் ஒரு பங்குவரை காணாமல் போயிருந்தது. வாங்கினவர் கையைவிட்டுப் போனது, பெற்றவர் கைக்கு வந்து சேரவில்லை. கடைக்காரருக்கு முழுசாகக் கிடைத்துவிட்டதே என்று நான் கேட்டேன், அதற்கு அவன் அரைமணி நேரம் விளக்கினான், விடு. எனக்குப் பிடித்தது வேறு ஒன்று. தாத்தா பாட்டி, அத்தை மாமா கொடுத்தவற்றில்தான் இந்த நஷ்டம் அதிகமாம். நண்பர்கள் கொடுத்ததில் குறைவாம். இதைப் பிடித்துக்கொண்டு என்னிடம் வாதாட வராதே, உன்னை எனக்குத் தெரியும்.

பாசத்தைக் கழித்துவிட்டு என்று எப்படி ஒருவர் கேட்க முடியும் என்பதுதான் எனக்கு இன்னமும் புரியவில்லை. இருந்தாலும் பரணில் இருக்கும் அந்த நான்கைப் பார்த்தால் அவர் சொன்னது சரிதான் என்று படுகிறது. அவற்றில் கழிப்பதற்குப் பாசமே இல்லை.

தம்பி சொன்ன இன்னொரு கதை கேள். 1912இல் நியூயார்க்கில் பயனில்லாத பரிசளிப்பைத் தடுக்கவென்றே பெண்கள் ஒரு சங்கம் தொடங்கினார்களாம். எலினார் பெல்மாண்ட், ஆன் மார்கன் என்று இரண்டு பணக்காரப் பெண்கள் முன்னால் நின்றார்கள், ஆனால் சங்கம் கடைகளில் வேலை பார்த்த பெண்களுக்காக. கிறிஸ்துமஸ் வந்தால் மேலதிகாரிக்குப் பரிசு வாங்க அந்தப் பெண்கள் தங்கள் சொற்பச் சம்பளத்திலிருந்து கொடுத்தாக வேண்டும். மாட்டேன் என்று ஒருத்தி தனியாகச் சொன்னால் அவள் கதி அவ்வளவுதான். எல்லாரும் சேர்ந்து சொன்னால்? அமெரிக்காவின் முன்னாள் ஜனாதிபதி தியடோர் ரூஸ்வெல்ட்கூட உறுப்பினராகச் சேர்ந்திருக்கிறார். எனக்கு நம் முதல் ஆபீஸில் உறையைக் கையில் பிடித்துக்கொண்டு மேஜை மேஜையாக வந்த அந்த அம்மாள் ஞாபகம் வந்தது. நீ பாத்ரூமில் ஒளிந்துகொண்டாய், நான் மாட்டிக்கொண்டேன். சங்கம் வைத்திருக்கலாம் நாம்.

இவர் அதற்கும் மேலே போய்விட்டார். 1659இல் மாசசூசெட்ஸில் கிறிஸ்துமஸ் கொண்டாடினாலே ஐந்து ஷில்லிங் அபராதம் என்று ஒரு சட்டம் இருந்ததாம், 1681இல்தான் எடுத்தார்களாம். 'அபராதமே கட்டிவிடலாம், மலிவு' என்கிறார்.

சரி, நோட்டை மூடிவைத்துவிட்டு நான் செய்த வீரச்செயலைக் கேள். குடும்பத்தார் எல்லாரையும் போனில் ஒன்றாகக் கூப்பிட்டு, இந்த வருடம் பெரியவர்களுக்குள் பரிசு வேண்டாம், சீட்டுக் குலுக்கிப் போட்டு ஆளுக்கு ஒருவருக்கு மட்டும் வாங்குவோம் என்றேன். நாங்கள் பெரியவர்கள் எட்டுப் பேர். ஆளுக்கு ஏழு வாங்கினால் மொத்தம் 56 பரிசு, சீட்டுப் போட்டால் எட்டு. நான் எட்டு என்று சொல்லி முடித்ததும் அப்படி ஒரு அமைதி. நாத்தனார்தான் முதலில் வாயைத் திறந்தாள், 'அண்ணி, இதை மூன்று வருடத்துக்கு முன்னால் சொல்லியிருக்கலாமே' என்று. ஆனால் மாமியார் வருத்தப்பட்டுவிட்டார். நான் என் கையால் கொடுப்பதை யாரும் எண்ணிப் பார்க்க வேண்டாம் என்று சொல்லி போனை வைத்துவிட்டார். இரண்டு நாள் பேசவில்லை. அவர் சொல்வதிலும் நியாயம் இருக்கிறது, அவருக்குக் கொடுப்பதுதான் பண்டிகையே. கடைசியில் அவரைச் சீட்டிலிருந்து விலக்கிவிட்டோம், இஷ்டம்போலக் கொடுக்கட்டும், ஆனால் யாரும் அவருக்குப் போட்டியாகத் திருப்பிக் கொடுக்கக் கூடாது. அவர் சமாதானமானாரா என்று கேட்காதே, இன்னும் தெரியவில்லை.

அதிகபட்சம் எவ்வளவு செலவழிக்கலாம் என்று வரம்பு வைப்பதில்தான் பெரிய சிக்கல். மூத்த மச்சினர் சுலபமாக ஒரு தொகை சொன்னார். எல்லாரும் 'உம்' என்றார்கள். அந்த 'உம்'மிலேயே ஒரு குரல் இறங்கியிருந்ததை நான் கேட்டேன். யாரிடம் குறைவாக இருக்கிறதோ அவர்தான் வரம்பைச் சொல்ல வேண்டும், ஆனால் அவர் மட்டும் வாயைத் திறக்கவே மாட்டார். அதனால் பெயர் போடாமல் ஆளுக்கொரு தாளில் ஒரு தொகை எழுதித் தரச் சொல்லி, யார் கையெழுத்து என்று எனக்குத் தெரியாமல் இருக்கப் பெரியவளைவிட்டே அவற்றைப் பிரிக்கச் சொன்னேன். சராசரி எடுக்கவில்லை. வந்த தாள்களில் எது குறைவோ அதுதான் வரம்பு. மச்சினர் சொன்னதில் அது கால்வாசி. யாரும் ஒன்றும் சொல்லவில்லை. அந்தத் தாள் யாருடையது என்று நானும் இன்றுவரை யோசிக்காமல் இருக்கப் பார்க்கிறேன், முடியவில்லை.

பிள்ளைகள் விஷயம் வேறு. ஆசைப்பட்டது ஒன்று, தேவையானது ஒன்று, உடுத்த ஒன்று, படிக்க ஒன்று என்று நான்கோடு நிறுத்த வேண்டும் என்கிறார்களே, அதைச் சின்னவனிடம் சொன்னேன். அவன் ஒரு வீடியோ கேமைத் 'தேவை' என்கிற பத்தியில் எழுதிக்கொண்டு வந்து நிற்கிறான், வக்கீலுக்குப் படிக்க வைக்கலாம். பெரியவள்தான் என்னை உலுக்கிவிட்டாள். நான் போனில் பேசியதையெல்லாம் கேட்டிருக்கிறாள். ராத்திரி பக்கத்தில் வந்து படுத்து, 'அம்மா, நமக்குப் பணக்கஷ்டமா?' என்றாள். இல்லை என்று சொல்ல வாயெடுத்தவள், எழுந்து போய் நோட்டைக் கொண்டுவந்து கையில் கொடுத்துவிட்டேன். அவள் விரலை வைத்து வரிவரியாகப் படித்தாள். 'எனக்கும் இவனுக்கும் இவ்வளவுதானா? மீதியெல்லாம் யாருக்கு?' என்று கேட்டாள். எனக்குச் சிரிப்பும் வந்தது, வெட்கமாகவும் இருந்தது.

அடுத்த வருடத்துக்கு இப்போதே ஒரு ஏற்பாடு செய்துவிட்டேன். மொத்தத்தைப் பன்னிரண்டால் வகுத்து ஜனவரியிலிருந்து மாதாமாதம் தனிக் கணக்கில் போடப்போகிறேன். இது ஒன்றும் என் கண்டுபிடிப்பு இல்லை, 1909இலேயே பென்சில்வேனியாவில் கார்லைல் என்ற ஊர் பேங்க் ஒன்று இதற்கென்றே கிறிஸ்துமஸ் சேமிப்பு என்று தொடங்கியிருக்கிறது. ஆனால் வெளியில் யாரிடமாவது கட்டாதே, உன் பெயரில் உன் பேங்கிலேயே போட்டு வை. பிரிட்டனில் ஃபேர்பேக் என்று ஒரு நிறுவனத்திடம் வருடம் முழுவதும் கிறிஸ்துமஸுக்கென்று கட்டிக்கொண்டு வந்தவர்களுக்கு, 2006 அக்டோபரில் அது திவாலாகி, பண்டிகைக்கு இரண்டு மாதம் இருக்கும்போது கையில் ஒன்றுமில்லாமல் போனது. செலவாளிகள் ஏமாந்தால்கூடச் சரி, இவர்கள் சிக்கனமாக இருக்க நினைத்தவர்கள், அதுதான் மனதைப் பிசைகிறது.

இனி அந்தப் பட்டியல். பெரியவர்களில் அதிகம் செலவானது மாமியாருக்கு இல்லை, இவருக்கும் இல்லை. உனக்கு.

போன டிசம்பரில் நீ அனுப்பிய தோல் பையைப் பிரித்துப் பார்த்ததும் சந்தோஷமாக இருந்தது என்று எழுத ஆசைதான். நிஜமாக வந்தது பயம். நான் உனக்கு அனுப்பியது அதில் பாதிகூடப் பெறாதே என்று அன்றைக்கு ராத்திரியே கார்டைத் தேய்த்து, புத்தாண்டுக்கு என்று சொல்லி இன்னொன்று அனுப்பினேன். உனக்கு ஞாபகம் இருக்கும். என்னடி திடீரென்று வள்ளலாகிவிட்டாய் என்று எழுதியிருந்தாய்.

போன மாதம் ஒரு கல்யாணத்தில் உன் தங்கையைப் பார்த்தேன். நான் அந்தப் பையைத்தான் தோளில் மாட்டியிருந்தேன். அவள் அதைத் தொட்டுப் பார்த்துவிட்டு, 'அக்கா அப்போ வேலை போய் நாலு மாசம், என்கிட்ட கடன் வாங்கித்தான் இதை வாங்கினா, உங்களுக்குத் தெரிஞ்சிருக்கும்' என்றாள். எனக்குத் தெரியாது. நாலு மாதம் வீட்டில் இருந்திருக்கிறாய், வாரம் தவறாமல் என் புலம்பலையெல்லாம் போனில் கேட்டிருக்கிறாய், ஒரு வார்த்தை சொல்லவில்லை. அவளைத் திட்டாதே, எனக்குத் தெரியும் என்று நினைத்துத்தான் சொன்னாள். முதல் ஆறு மாதம் எழுதாதது என் சோம்பல். இந்த ஒரு மாதம் எழுதாதது இதனால்.

கோபம் எனக்கு உன்மேலா என்மேலா என்று பிரிக்கத் தெரியவில்லை. விடுதியில் ஒரே சோப்பை இரண்டாக வெட்டிப் பயன்படுத்திய நாம் எப்போதிருந்து இப்படி ஒருத்திக்கொருத்தி கௌரவம் பார்க்க ஆரம்பித்தோம்? நீ கடன் வாங்கி அனுப்புகிறாய், நான் கடனில் திருப்பி அனுப்புகிறேன், இரண்டு பேரும் நன்றி நன்றி என்று எழுதிக்கொள்கிறோம்.

அதனால் இந்த வருடம் பார்சல் அனுப்பாதே. அனுப்பினால் பிரிக்காமல் திருப்பி அனுப்புவேன், தபால் செலவு உன் தலையில். அதற்குப் பதில் நான்கு பக்கத்துக்குக் குறையாமல் கடிதம் எழுது, அந்த நாலு மாதத்தில் என்னவெல்லாம் நடந்தது என்று. இப்போது இருக்கும் வேலை எப்படி, தங்கையிடம் வாங்கியதைத் திருப்பியாகிவிட்டதா, எல்லாம். 26ஆம் தேதி சாயங்காலம் கூப்பிடுகிறேன், அதற்குள் கடிதம் வந்திருக்க வேண்டும்.

உன்,
முட்டைக்கண்ணி

பி.கு.: சின்னவன் உனக்கென்று ஒரு படம் வரைந்திருக்கிறான். குதிரை என்கிறான். அதை மட்டும் என்னால் தடுக்க முடியவில்லை, உறைக்குள் இருக்கிறது. பதிலுக்கு எதுவும் அனுப்பித் தொலைக்காதே.