வெற்றுக்கோட்டில் எழுதும் பெயர் எங்கே போகிறது?

ஆசிரியர் அவர்களுக்கு,

அமெரிக்காவில் வாக்குச்சீட்டிலே விரும்பியவரின் பெயரை எழுதி அவரை ஜனாதிபதியாக்கலாமாம், எங்களுக்கு மட்டும் ஏன் அந்த உரிமை இல்லை என்ற கேள்வி தேர்தல் வரும்போதெல்லாம் உங்கள் வாசகர் பக்கத்தில் தலைகாட்டுகிறது. 2024 செப்டெம்பர் இலங்கை ஜனாதிபதித் தேர்தலில் 38 பேர் போட்டியிட்டும் மனதுக்குப் பிடித்தவர் இல்லையே என்று சலித்தவர்கள் இன்னுமொரு வெற்றுக்கோட்டைக் கேட்பது விளங்குகிறது. ஆனால் அந்தக் கோடு அமெரிக்காவில் எப்படி வேலை செய்கிறது என்பதைத் தெரிந்துகொண்டு கேட்பது நல்லது. ‘ரைட்-இன்’ என்று அங்கே சொல்லப்படும் இந்த வாக்குகளில் பெரும்பகுதியை யாருடைய பெயரிலும் எவரும் எண்ணுவதில்லை.

காரணம் எளிது. அமெரிக்க வாக்காளர் நேரடியாக ஜனாதிபதிக்கு வாக்களிப்பதில்லை. தனது மாநிலத்தின் சார்பில் ஜனாதிபதிக்கு வாக்களிக்கும் ‘தேர்தல் கல்லூரி’ என்ற குழுவின் உறுப்பினர்களைத்தான் தெரிவுசெய்கிறார். மொத்தம் 538 உறுப்பினர்கள், வெல்வதற்கு 270 வேண்டும். அச்சிட்ட பெயர் ஒவ்வொன்றின் பின்னாலும் அந்த மாநிலத்தில் அவருக்காக வாக்களிக்க ஒப்புக்கொண்ட உறுப்பினர்களின் பட்டியல் இருக்கிறது. நீங்கள் கையால் எழுதும் பெயருக்குப் பின்னால் அப்படியொரு பட்டியல் இல்லாவிட்டால், அந்த வாக்கு வென்றாலும் டிசெம்பரில் போய் வாக்களிக்க ஆளில்லை. ஆகவேதான் பெரும்பாலான மாநிலங்கள், எழுதப்படப்போகிறவர் முன்கூட்டியே பத்திரம் தாக்கல் செய்திருக்க வேண்டும் என்று கேட்கின்றன. கலிபோர்னியாவில் அவருக்குரிய தேர்தல் கல்லூரி உறுப்பினர் பட்டியல் தேர்தலுக்கு 14 நாட்களுக்கு முன்னரே மாநிலச் செயலாளரிடம் போய்ச் சேர்ந்திருக்க வேண்டும். கட்டுப்பணம் இல்லாத வேட்புமனு என்று வைத்துக்கொள்ளுங்கள்.

பத்திரமே கேட்காமல் எழுதிய பெயரை எழுதியபடி எண்ணித் தருகிற மாநிலங்கள் சிலதான். 2016 இல் வெர்மொன்ட் அவற்றில் ஒன்றாக இருந்தது. மறுபக்கம் ஹவாய், நெவாடா, ஒக்லஹோமா, தென் டகோட்டா, லூசியானா, ஆர்கன்சா போன்றவற்றில் பெயர் எழுதக் கோடே இல்லை. ஹவாயின் தடையை எதிர்த்த வழக்கில் 1992 இல் அமெரிக்க உயர் நீதிமன்றம் 6 க்கு 3 என்ற பெரும்பான்மையில் தடை செல்லும் என்றது. வாக்குச்சீட்டு இருப்பது ஆளைத் தெரிவுசெய்யவே, மனக்குறையைக் கொட்டித் தீர்ப்பதற்கல்ல என்பது அந்தத் தீர்ப்பின் சாரம். தென் கரோலினா இன்னும் வேடிக்கை: மற்றப் பதவிகளுக்குப் பெயர் எழுதலாம், ஜனாதிபதிப் பதவிக்கு முடியாது. 1954 இல் ஸ்ட்ரொம் தர்மண்ட் பெயர் எழுதும் வாக்குகளாலேயே செனட் சபைக்குப் போனது இதே மாநிலத்திலிருந்துதான்.

ஒரே மனிதரின் பெயர் ஒரே நாளில் எத்தனை கதிக்கு ஆளாகிறது என்பதற்கு 2016 ஐப் பாருங்கள். பேர்னி சாண்டர்ஸ் ஜனநாயகக் கட்சியின் வேட்பாளரைத் தீர்மானிக்கும் கட்சித் தெரிவில் தோற்று, ஹிலரி கிளின்டனுக்கு ஆதரவு தெரிவித்துவிட்டார். ஆனாலும் நவம்பரில் அவர் பெயரை எழுதியவர்கள் நாடெங்கும் இருந்தார்கள். அவரது சொந்த மாநிலமான வெர்மொன்டில் பத்திரம் தேவைப்படாததால் 18,218 வாக்குகள் அவர் பெயரிலேயே பதிவாகின, அது அங்கே ஏறத்தாழ 5.7 சதவீதம். கலிபோர்னியாவில் அவருக்கான உறுப்பினர் பட்டியல் தாக்கல் செய்யப்பட்டிருந்தது. அங்கே 79,341. பத்திரம் தேவைப்பட்டும் தாக்கலாகாத மாநிலங்களில் அதே பெயரை எழுதியவர்கள் பெயரில்லாத ஒரு கூட்டுத்தொகையில் கரைந்துபோனார்கள், அல்லது கணக்கிலேயே வரவில்லை. ஹவாயில் எழுதவே வழியில்லை. ஆனால் டிசெம்பரில் அதே ஹவாயின் தேர்தல் கல்லூரி உறுப்பினர் ஒருவர், கிளின்டனுக்கு அளிக்க வேண்டிய வாக்கைச் சாண்டர்ஸுக்கு அளித்தார். குடிமகனுக்கு மறுத்ததை உறுப்பினர் செய்துகாட்டினார். இதற்குமேல் அந்த ஏற்பாட்டைக் கேலிசெய்ய வெளியாள் தேவையில்லை.

இனி எண்ணும் மேசைக்கு வருவோம். வாக்குச்சீட்டில் அச்சிட்ட பெயர்களுக்குக் கீழே ஒரு வெற்றுக்கோடு, அதன் பக்கத்தில் நீள்வட்டம் ஒன்று. வாக்காளர் பெயரையும் எழுதவேண்டும், அந்த வட்டத்தையும் மையால் நிரப்பவேண்டும். சீட்டை விழுங்கும் ஸ்கேனர் கையெழுத்தை வாசிப்பதில்லை, நிரம்பிய வட்டத்தை மட்டுமே பார்க்கிறது. எழுதும் கோட்டின் வட்டம் நிரம்பியிருந்தால், பழைய இயந்திரங்கள் அந்தச் சீட்டைப் பெட்டியின் தனி அறைக்குள் தள்ளிவிடும். புதியவை அந்த இடத்தைப் படமெடுத்து வைத்துக்கொள்ளும். வாக்களிப்பு முடிந்ததும் இயந்திரம் அச்சிடும் நாடாவில் வேட்பாளர்களின் பெயருக்கு நேரே எண்கள் வரும். கடைசியில் ‘ரைட்-இன்’ என்ற சொல்லுக்கு நேரே 14 என்றோ 30 என்றோ ஓர் எண் நிற்கும். அந்த இரவு தொலைக்காட்சிக்குக் கிடைப்பது மிஞ்சிப்போனால் அந்த எண்தான். அந்த 14 பேர் யாரை எழுதினார்கள் என்பது அதில் இல்லை.

பெயரை வாசிப்பது மனிதர் வேலை. பிறகு வரும் நாட்களில் கவுண்டி எனப்படும் மாவட்டத்தின் தேர்தல் அலுவலகத்தில் இருவர் இருவராக உட்கார்ந்து சீட்டையோ திரையில் தெரியும் படத்தையோ பார்த்துப் பிரிக்கிறார்கள். பத்திரம் தாக்கல் செய்தவரின் பெயர் ஒரு பக்கம். மேலே ஏற்கெனவே அச்சிட்டிருக்கும் வேட்பாளரின் பெயரையே மறுபடி எழுதியவை ஒரு பக்கம். பத்திரம் இல்லாதவர்கள், செத்துப்போனவர்கள், மிக்கி மவுஸ் எல்லாம் இன்னொரு பக்கம். வட்டத்தை நிரப்பிவிட்டு ஒன்றுமே எழுதாதவையும் உண்டு. சில மாநிலங்கள் இவ்வளவும் செய்யாமல், எழுதப்பட்ட வாக்குகளின் மொத்தம் முடிவை மாற்றக்கூடிய அளவுக்கு இருந்தால் மட்டுமே பிரித்துப் பார்க்கின்றன. செலவைப் பார்த்தால் அதில் நியாயம் இருக்கிறது. ஆனால் எழுதியவர் மெனக்கெட்டு எழுதியதை ஒருவரும் வாசிக்கவில்லை என்பதும் உண்மை.

பிழை எங்கே நடக்கிறது? முதலாவது, பெயரை எழுதிவிட்டு வட்டத்தை நிரப்ப மறப்பது. ஸ்கேனருக்கு அது அந்தப் பதவிக்கு வாக்களிக்காத சீட்டு. அப்படிப்பட்டவற்றைக் கையால் மறுபடி பார்க்கச் சட்டம் இல்லாத இடத்தில் அந்த வாக்கு போனது போனதுதான். இரண்டாவது, அச்சிட்ட ஒருவரின் வட்டத்தை நிரப்பிவிட்டுக் கீழே வேறொருவரின் பெயரையும் எழுதுவது. ஒரு பதவிக்கு இரண்டு தெரிவு என்பதால் அந்தப் பதவிக்கான வாக்கு செல்லாது. சீட்டின் மற்றப் பதவிகளுக்கான வாக்குகள் தப்பிவிடும். முன்பு சில இடங்களில் ஆதரவாளர்கள் கொடுத்த ஒட்டுத்தாளைக் கோட்டில் ஒட்டிவிடும் வழக்கமும் இருந்தது. ஸ்கேனருக்குள் பசை சிக்கும் என்பதால் இன்று பெரும்பாலும் அதற்கு இடமில்லை.

எழுத்துப்பிழைதான் பெரிய தலையிடி. இதற்கு நல்ல பாடம் ஜனாதிபதித் தேர்தலில் இல்லை, அலாஸ்காவின் 2010 செனட் தேர்தலில் இருக்கிறது. கட்சித் தெரிவில் தோற்ற லீசா மர்கவ்ஸ்கி பெயர் எழுதும் வேட்பாளராக நின்றார். அலாஸ்காச் சட்டப்படி வட்டம் நிரம்பியிருக்க வேண்டும், பத்திரத்தில் உள்ளபடி முழுப்பெயரோ குடும்பப்பெயரோ எழுதப்பட்டிருக்க வேண்டும். அந்தப் பெயரைப் பிழையின்றி எழுதுவது லேசல்ல. எனவே நிரப்பிய வட்டத்தையும் பெயரையும் அச்சிட்ட றப்பர் கைவளையங்களைப் பிரசாரக்காரர் கொடுத்தார்கள். எண்ணும்போது எதிர்த்தரப்பு முகவர்கள் ஓர் எழுத்து மாறியதையெல்லாம் ஆட்சேபித்து, 8,000 க்கும் மேற்பட்ட சீட்டுகளைத் தனிப்பெட்டியில் போடவைத்தார்கள். வித்தியாசம் கடைசியில் 10,000 ஐத் தாண்டியதால் அவற்றை முழுதாகக் கழித்தாலும் அவரே வென்றிருப்பார். வாக்காளரின் எண்ணம் தெரிந்தால் எழுத்துப்பிழையால் வாக்கு போகாது என்று மாநில உயர் நீதிமன்றம் அந்த டிசெம்பரில் சொன்னது. சிவகுமார் என்ற பெயரை ஆங்கிலத்தில் எத்தனை விதமாக எழுதுகிறோம் என்று தெரிந்த எங்களுக்கு இதை விளக்கவேண்டியதில்லை.

ஆயத்தம் இருந்தால் இந்த முறை ஓடவும் செய்யும். 2024 ஜனவரி 23 நியூ ஹாம்ப்ஷயர் ஜனநாயகக் கட்சித் தெரிவில், திகதி குறித்துக் கட்சித் தலைமைக்கும் மாநிலத்துக்கும் இருந்த இழுபறியால், ஜோ பைடனின் பெயர் சீட்டிலேயே இருக்கவில்லை. ஆதரவாளர்கள் எழுதியே அவருக்குச் சுமார் 64 சதவீதம் கிடைத்தது. 1964 இல் அதே மாநிலத்தின் குடியரசுக் கட்சித் தெரிவில், சைகோனில் தூதுவராக இருந்த ஹென்றி கபொட் லொட்ஜ் இப்படித்தான் வென்றார். இவை கட்சிக்குள் நடக்கும் தெரிவுகள், ஒரு மாநிலம், ஒரு பெயர். நவம்பரில் நாடு முழுவதும் இப்படி எழுதி எவரும் ஜனாதிபதியானதில்லை.

என் முறைப்பாடு எண்ணுவதைவிட அறிவிப்பதைப் பற்றியது. அமெரிக்காவில் எங்கள் தேர்தல்கள் ஆணைக்குழுவைப் போல நாடு முழுவதுக்கும் எண்ணி அறிவிக்கும் ஓர் அமைப்பு இல்லை. அங்குள்ள கூட்டாட்சித் தேர்தல் ஆணைக்குழு பிரசாரப் பணத்தைக் கண்காணிப்பது. மாநிலங்கள் அத்தாட்சிப்படுத்திய எண்களைப் பிறகு ஒரு தொகுப்பாக வெளியிடுகிறதே தவிர, அது ஒரு சீட்டையும் எண்ணுவதில்லை. அந்தத் தொகுப்பில் எழுதப்பட்ட வாக்குகளுக்குப் பக்கத்தில் ஓர் அடையாள எழுத்து இருக்கும். பெயர் பிரிக்கப்படாதவை ஒரே வரியில் அடங்கும். விஸ்கொன்சின் போன்ற மாநிலங்கள் தங்கள் அறிக்கையில் அவற்றைச் ‘சிதறியவை’ என்றே குறிக்கின்றன. ஒரு மாநிலம் செல்லாத பெயர்களையும் மொத்தத்தில் சேர்க்கும், அடுத்தது சேர்க்காது. ஆகவே நாடளாவிய ‘ரைட்-இன்’ மொத்தம் என்று யாராவது ஓர் எண்ணைச் சொன்னால், அது விதவிதமான படிகளால் அளந்த அரிசியை ஒரே சாக்கில் கொட்டியது போன்றது.

எவரையும் பிடிக்கவில்லை என்று சொல்வதுதான் நோக்கமென்றால் நெவாடாவின் வழி நேர்மையானது. பெயர் எழுதக் கோடு தராத அந்த மாநிலம், ‘இவர்களில் எவருமில்லை’ என்ற வரியைச் சீட்டிலேயே அச்சிடுகிறது. 2016 இல் அதற்கு 28,863 பேர் வாக்களித்தார்கள். அங்கே கிளின்டன் வென்ற வித்தியாசமே 27,202 தான். அந்த வரி முதலிடத்துக்கு வந்தாலும், அடுத்ததாக அதிக வாக்கு எடுத்தவரே வென்றவர். ஆனாலும் அதிருப்தி தனி எண்ணாக, பெயரோடு வெளியே தெரிகிறது. எங்களிடம் அது நிராகரிக்கப்பட்ட வாக்குகளுக்குள் ஒளிந்திருக்கிறது. 2019 இல் 135,452 ஆக இருந்தது, 2024 இல் 300,300. இதில் புள்ளடியும் இலக்கமும் குழம்பிச் செல்லாமற் போனவை எத்தனை, வேண்டுமென்றே கெடுத்தவை எத்தனை என்று பிரித்தறிய வழியில்லை.

கொழும்பில் ஒரு வாக்கெண்ணும் நிலையத்தில் வெற்றுக்கோட்டுச் சீட்டுகளைக் கொட்டுவதை எண்ணிப் பாருங்கள். மூன்று மொழி எழுத்தில் பெயர்கள் வரும். முதலெழுத்து இல்லாமல் ‘பெரேரா’ என்று மட்டும் எழுதியது எந்தப் பெரேராவுக்கு? முகவர்கள் சும்மா இருப்பார்களா? முதலாம் எண்ணிக்கையில் 50 சதவீதம் வராமல் 2024 இல் முதன்முறையாக இரண்டாம், மூன்றாம் விருப்பு வாக்குகளை எண்ணியதுபோல் மறுபடி நடந்தால், கையால் எழுதிய ஒரு பெயரைச் சீட்டிலுள்ள மற்றவர்களோடு எப்படி வரிசைப்படுத்துவது? சட்டம் இதற்கெல்லாம் பதில் எழுதிய பிறகே கோடு வரையலாம். இன்றைய நிலையில் இலக்கமோ புள்ளடியோ இடாமல் வேறொருவரின் பெயரை மட்டும் எழுதிய சீட்டு நிராகரிக்கப்பட்டதுதான். நண்பர்கள் அமெரிக்கக் கதையைக் கேட்டு இங்கே முயன்று பார்க்க வேண்டாம்.

உங்கள் பத்திரிகைக்கும் ஒரு வேண்டுகோள். 2028 நவம்பர் 7 இல் அடுத்த அமெரிக்கத் தேர்தல். முடிவுகளை அட்டவணையாகப் போடும்போது கடைசிப் பத்தியில் ‘ஏனையோர்’ என்று சிறு கட்சிகளையும் எழுதப்பட்ட பெயர்களையும் ஒன்றாகக் கலந்துவிடாதீர்கள். முதல்நாள் எண்களுக்குக் கீழே, இவை அத்தாட்சிப்படுத்தப்படாதவை, கையால் எழுதிய பெயர்கள் இன்னும் பிரிக்கப்படவில்லை என்று ஒரு வரி போதும். மாநிலங்கள் தங்கள் எண்ணிக்கையை முடித்து, டிசெம்பரில் தேர்தல் கல்லூரி கூடிய பின் அந்த அட்டவணையை ஒருமுறை திருத்திப் போட்டால் இன்னும் நன்று.

இப்படிக்கு,
தேர்தல் நடைமுறை அவதானி,
வெள்ளவத்தை, கொழும்பு 06.