லயத்து வாசலுக்கும் ஒரு பங்கு: சுற்றுலா அபிவிருத்தி அதிகார சபைக்கு ஒரு திறந்த மடல்

இலங்கை சுற்றுலா அபிவிருத்தி அதிகார சபையின் தலைவருக்கும் உறுப்பினர்களுக்கும்,

வணக்கம். அப்புத்தளைக்கு மேலே ஒரு தேயிலைத் தோட்டத்தில், தொழிலாளர் வரிசை வீடான லயத்தின் ஒரு காம்பராவில் பிறந்து, இன்று மலையேற வருவோருக்கு வழிகாட்டியாக உழைப்பவன் என்ற முறையில் இதை எழுதுகிறேன். கண்டி ஹந்தானையில் தொடங்கி நுவரெலியா வரை 22 கட்டங்களாக, 300 கிலோமீற்றருக்கும் மேல் நீளும் பீக்கோ டிரெயில் என்ற மலைநடைப் பாதை எங்கள் தோட்டங்களின் ஊடாகத்தான் போகிறது. அதில் பல இடங்கள், கொழுந்துக் கூடையைத் தலையில் மாட்டிக்கொண்டு எங்கள் பாட்டிமார் ஏறி இறங்கிய பாதைகளே.

கடந்த மாசியில் மழைக்கு ஒதுங்கிய ஒரு வெளிநாட்டுத் தம்பதியருக்கு என் சித்தி ரொட்டியும் சம்பலும் சாயத் தேத்தண்ணியும் கொடுத்தார். அந்தப் பெண் கழிவறை எங்கே என்று கேட்டபோது, பத்துக் காம்பராக்களுக்குப் பொதுவான, கதவு சாய்ந்து கிடக்கும் அந்த ஒன்றைக் காட்டச் சித்திக்கு மனம் வரவில்லை. மழை விடவில்லையென்றாலும் அவர்கள் புறப்பட்டுவிட்டார்கள். அன்றிரவு அவர்கள் தங்கிய பழைய துரை பங்களாவின் ஒரு நாள் கட்டணம் சித்தியின் மாதச் சம்பளத்துக்குக் குறையாதது.

கழிவறையோடு ஓர் அறை கட்டச் சித்தி கடன் கேட்டுப் போனார். வங்கியில் காணி உறுதி கேட்டார்கள். 1992இல் தோட்ட நிர்வாகம் கம்பனிகளிடம் கையளிக்கப்பட்டது. நிலம் அரசுடையது, குத்தகை கம்பனியுடையது, தலைமுறை தலைமுறையாகக் குடியிருப்பவரிடம் மட்டும் காகிதம் இல்லை. ஆகவே சுற்றுலாவுக்குக் கடன் தருகிறோம் என்ற அறிவிப்புகள் எங்களைத் தொடாமலே போய்விடுகின்றன.

பணமே இல்லை என்று சொல்வதற்கில்லை. 2005ஆம் ஆண்டின் 38ஆம் இலக்கச் சுற்றுலாச் சட்டத்தின் கீழ் அமைந்த அபிவிருத்தி நிதியத்துக்கு, பதிவுபெற்ற சுற்றுலா நிறுவனங்களின் மொத்த வருமானத்தில் 1 சதவீதமும், விமானமேறுவோரிடம் அறவிடும் வரியில் மூன்றிலொரு பங்கும் சேர்கின்றன. அது பெரும்பாலும் விளம்பரத்துக்கே போகிறது என்பது எங்கள் பக்கத்துப் பேச்சு. தவறாயின் கணக்கை வெளியிட்டுத் திருத்துங்கள்.

சிறு தீவுகள் இதற்கு வழி கண்டிருக்கின்றன. பசிபிக் தீவு நாடான பலாவு 2018 முதல் வருகையாளரின் விமானச் சீட்டிலேயே 100 டொலரை அறவிட்டு, அதில் ஒரு பங்கைக் காப்பகப் பகுதிகளுக்கு ஒதுக்குகிறது. மாலைதீவு பசுமை வரி வாங்குகிறது. கனடாவின் ஃபோகோ தீவில், 1992இல் கொட் மீன்பிடி தடைப்பட்டு ஊர் பிழைப்பிழந்த பின், ஊர் அறக்கட்டளை ஒன்று கட்டி 2013இல் திறந்த விடுதியின் உபரி ஊருக்கே திரும்புகிறது. விருந்தினரின் பணம் எங்கெங்கே போகிறது என்பதையும் அது வெளியே சொல்கிறது. ஒரே தொழில், வெளியாள் உடைமை, ஒற்றைப் பாதை என்று பார்த்தால் ஒரு தோட்டமும் தீவுதானே.

ஆகையால் கேட்பது இது: நுவரெலியா, பதுளை, கண்டி மாவட்டங்களில் திரட்டும் அந்த 1 சதவீதத்தில் ஒரு நிலையான பங்கைத் தோட்டக் குடியிருப்புகளுக்கென ஒதுக்கி, கடனாக அன்றி மானியமாகக் கொடுங்கள். காணி உறுதிக்குப் பதிலாக கிராம உத்தியோகத்தரின் வதிவிடச் சான்று போதும் என்றாக்குங்கள். செலவைத் தீர்மானிக்கும் குழுவில் பாதிப்பேர் கொழுந்து பறிக்கும் பெண்களாக இருக்கட்டும். வருடக் கணக்கைத் தமிழிலும் சிங்களத்திலும் எழுதி, கொழுந்து நிறுக்கும் மடுவத்துச் சுவரில் ஒட்டுங்கள். முதல் செலவு கழிவறைக்கும், தண்ணீர் வடியும் கானுக்கும்தான் ஆக வேண்டும். கான் அடைபட்டால் மழைத் தண்ணீர் சரிவுக்குள் இறங்குகிறது. 2014 ஒக்டோபர் 29இல் மீரியபெத்தையில் லயங்களோடு மண் சரிந்ததை இந்தப் பக்கத்தில் யாரும் மறக்கவில்லை. வீட்டோடு தங்கும் விடுதி, வழிகாட்டிப் பயிற்சி எல்லாம் அதற்குப் பிறகு.

உங்கள் அதிகாரிகள் பார்வையிட வருவதானால், வாகனத்தைத் தொழிற்சாலையடியில் விட்டுவிட்டு நடந்துதான் வரவேண்டும். வேலைக்குப் பெயர் கொடுக்கும் பிரட்டு முடிந்து காலை எட்டு மணிக்கு மடுவத்தருகே காத்திருப்பேன். தேத்தண்ணி சித்தி வீட்டில்.

இப்படிக்கு,
அப்புத்தளைத் தோட்ட வழிகாட்டி ஒருவன்