அப்பாவை வழியனுப்பிய ஸ்கிபரீன் ஊருக்கு

அன்புள்ள உறவினர்களுக்கும் நண்பர்களுக்கும்,

அப்பா தவறிய பிறகு ஊரிலிருந்து பேசிய எல்லோரும் கேட்டது ஒன்றுதான்: "அங்க கூட யாரும்மா இருந்தாங்க?" அயர்லாந்தின் தென்மேற்கு மூலையில், ஐலன் ஆற்றங்கரையில், ஏறக்குறைய மூவாயிரம் பேர் வசிக்கும் சின்ன ஊர் ஸ்கிபரீன். எங்களுக்கு இங்கே சொந்தம் என்று யாரும் கிடையாது. ஆனால் அந்த மூன்று நாளும் வீட்டில் நிற்க இடமில்லை.

இங்கே இறந்தவர் வீட்டார் உள்ளூர்ப் பத்திரிகையில் நன்றி அறிவிப்பு கொடுப்பது வழக்கம். நாங்களும் சதர்ன் ஸ்டாரில் கொடுத்திருக்கிறோம். அதில் நாலு வரிக்குத்தான் இடம். மிச்சத்தை இங்கே எழுதுகிறேன்.

முதல் நன்றி எங்கள் டாக்டருக்கு. இறந்தவரைக் கடைசி 28 நாட்களுக்குள் எந்த மருத்துவரும் பார்த்திருக்காவிட்டால், இந்த நாட்டில் விஷயம் கொரனர் என்ற அதிகாரியிடம் போய்விடும். பிரேதப் பரிசோதனை வரைக்கும் இழுக்கலாம். நல்லவேளையாக அப்பா ரத்த அழுத்த மாத்திரைக்காக அதற்கு முந்தைய வாரம்தான் அவரிடம் போயிருந்தார். விடிவதற்குள் வந்து பார்த்துவிட்டு, தகனத்துக்கு வேண்டிய படிவத்தையும் அவரே எழுதிக் கொடுத்தார்.

அடுத்தது பக்கத்து வீட்டு அம்மா. சாவு வீட்டில் அடுப்பு மூட்டக்கூடாது என்று நான் அவரிடம் சொல்லவே இல்லை. அவராகவே வந்து, "நீ சமையலறைப் பக்கம் வராதே" என்று என்னை வெளியே அனுப்பிவிட்டார். சர்ச் ஹாலிலிருந்து கோப்பைகளும் பெரிய வெந்நீர் பாய்லரும் வந்து இறங்கின. இந்த ஊரில் துக்க வீடு என்றால் பன்றி இறைச்சி வைத்த சாண்ட்விச் இல்லாமல் நடக்காது. எங்களுக்காக அன்று வெறும் சீஸும் வெங்காயமும்தான். யாரோ தெரியாமல் கொண்டுவந்த ஒரு தட்டை அவர் வாசலிலேயே மடக்கி, கார் டிக்கியில் வைக்கச் சொன்னதை நான் பார்த்தேன்.

இறுதிச் சடங்கு ஏற்பாட்டாளர் அப்பாவின் பெயரை எழுத்து எழுத்தாகக் கேட்டு மரண அறிவிப்பு இணையதளத்தில் போட்டார். இந்த நாட்டில் பலர் காலை எழுந்ததும் முதலில் பார்ப்பதே அதைத்தான். வேட்டி கட்டி, திருநீறு பூசி, முன்னறையில் அப்பாவைக் கிடத்தியிருந்தோம். சாயங்காலம் ஐந்து மணிக்கு ஆரம்பித்த வரிசை கேட்டைத் தாண்டித் தெருவுக்குப் போய்விட்டது. மளிகைக்கடைக்காரர், தபால்காரர், என் மகளின் வகுப்பு ஆசிரியை, அப்பாவை ஆற்றங்கரையில் நடக்கும்போது பார்த்ததோடு சரி என்கிறவர்கள். ஒவ்வொருவரும் கையைப் பிடித்து, "சாரி ஃபார் யுவர் ட்ரபிள்" என்று சொல்லிவிட்டு நகர்ந்தார்கள். அதற்கு மேல் பேச்சை வளர்க்கவில்லை. ஆறுதல் என்ற பெயரில் யாரும் வேதாந்தம் பேசாததே பெரிய உதவி.

இவ்வளவு பேருக்கு அப்பாவை எப்படித் தெரியும் என்று கேட்பீர்கள். வரலாற்று வாத்தியார் சும்மா இருப்பாரா? வந்ததும் வராததுமாக, பழைய எரிவாயு ஆலையில் இயங்கும் ஹெரிடேஜ் சென்டருக்குப் போய் உட்கார்ந்துவிட்டார். 1845இல் உருளைக்கிழங்குப் பயிரில் நோய் விழுந்து அயர்லாந்தில் பத்து லட்சம் பேர் மாண்ட பஞ்சத்தில், மிக மோசமாக அடிபட்ட ஊர்களில் ஸ்கிபரீனும் ஒன்று. 1847இல் ஜேம்ஸ் மஹோனி என்ற ஓவியர் இங்கே வந்து வரைந்த படங்கள் லண்டன் பத்திரிகையில் வெளியாகி வெளியுலகத்தைத் திரும்பிப் பார்க்க வைத்தன. ஊருக்கு வெளியே அபிஸ்ட்ரூரி இடுகாட்டில் 8,000 முதல் 10,000 பேர் வரை பெயர் இல்லாமல் குழிகளில் கிடக்கிறார்கள். அடிப்பலகை திறந்துகொள்ளும் சவப்பெட்டியில் பிணத்தைக் கொண்டுவந்து குழியில் சரித்துவிட்டு, அதே பெட்டியை அடுத்த பிணத்துக்கு எடுத்துப்போவார்களாம். செத்ததாக நினைத்துக் குழியில் போட்ட டாம் கெரின் என்ற சிறுவன், மண்வெட்டி காலில் பட்டு முனகியதால் பிழைத்தான். பிறகு பல காலம் ஊனக் காலோடு இங்கேயே வாழ்ந்தான். அப்பா இந்தக் கதையைப் போனில் உங்களில் பாதிப் பேருக்குச் சொல்லியிருப்பார்.

ஹெரிடேஜ் சென்டர் பணியாளர்களுக்குத் தனியாக நன்றி சொல்ல வேண்டும். அப்பாவுக்கு ஒரு நாற்காலி போட்டுக் கொடுத்து, கேட்டதற்கெல்லாம் பதில் சொன்னார்கள். பதிலுக்கு அப்பா நம் பக்கத்துத் தாது வருடப் பஞ்சத்தைப் பற்றிப் பாடம் எடுத்திருக்கிறார். 1876 முதல் 1878 வரை, அங்கேயும் அதே பிரிட்டிஷ் ஆட்சி, அங்கேயும் சனங்கள் சாகச் சாகத் தானியம் கப்பலேறிப் போனது. அவர் எழுதிக் கொடுத்திருந்த தாள்களை எங்கள் வீட்டுக்கு எடுத்து வந்து காட்டினார்கள். கையெழுத்தைப் பார்த்ததும்தான் எனக்கு அழுகை வந்தது.

பிணத்துக்கு ஆள் இல்லாமல் போன ஊர் என்பதால்தான் இப்படித் திரண்டு வருகிறார்களோ என்று பக்கத்து வீட்டு அம்மாவிடம் கேட்டேன். அவர் ஒப்புக்கொள்ளவில்லை. பஞ்சத்துக்கு முன்னாலும் அயர்லாந்தில் இப்படித்தானாம், சொல்லப்போனால் இதைவிடக் கூத்தாக இருக்குமாம். அப்பா இருந்திருந்தால் விடாமல் வாதாடியிருப்பார்.

புறப்பட்ட அன்று மழை. கால்பந்து கிளப் பையன்கள் மஞ்சள் சட்டை மாட்டிக்கொண்டு கார்களை ஒழுங்குபடுத்தினார்கள். 1904இல் வைத்த மெய்ட் ஆஃப் எரின் சிலையைத் தாண்டி வண்டி போனபோது கடைக்காரர்கள் கதவைச் சாத்திவிட்டு வெளியே வந்து நின்றார்கள். பாதிரியார் மதம் பற்றி ஒரு வார்த்தை பேசாமல் எங்களோடு வந்தார். கார்க் துறைமுகத்தில் ராக்கி தீவில் இருக்கிறது தகனக்கூடம். பிரிட்டிஷ்காரர்கள் வெடிமருந்து வைத்திருந்த கிடங்கு அது, 2011இல்தான் இப்படி மாறியது. அதற்கு முன்பென்றால் டப்ளினுக்குத்தான் போயிருக்க வேண்டும்.

பெரியப்பாவுக்கும் நன்றி. பொம்பளைப் பிள்ளை சுடுகாட்டுக்குப் போகலாமா என்று ஊரில் பேச்சு எழுந்தபோது, "அவதான் போகணும், அவதான் செய்யணும்" என்று ஒரே வார்த்தையில் முடித்தீர்கள். வாய்க்கரிசி நான்தான் போட்டேன். ஏற்பாட்டாளரின் உதவியாள் போனைப் பிடித்துக் காட்டியதால் நீங்களும் பார்த்தீர்கள்.

கார்க்கிலிருந்து மழையில் கார் ஓட்டி வந்து திருவாசகம் பாடிய தமிழ் நண்பர்களுக்கும், மறுநாளிலிருந்து சாப்பாடு அனுப்பியவர்களுக்கும் என்ன சொல்வதென்று தெரியவில்லை. அஸ்தியை அடுத்த மாதம் பவானி கூடுதுறைக்குக் கொண்டு வருகிறேன். அதற்குள் ஒரு காரியம் பாக்கி: பெரிய இட்லிக் குண்டான் ஒன்றும் எவர்சில்வர் தூக்குகள் இரண்டும் இன்னும் எங்கள் வீட்டில்தான் இருக்கின்றன. அடியில் பெயர் வெட்டவில்லை. யாருடையது என்று ஒரு போன் செய்யுங்கள்.