செயலாளரின் ஆண்டறிக்கை, 2024

தலைவர் அவர்களே, செயலவையினரே, உறுப்பினர்களே, வணக்கம்.

மலேசியாவின் பேராக் மாநிலத்துப் பாகான் டத்தோவில் நம் சங்கத்துக்கு இது ஆரவாரமில்லாத ஆண்டு. செயலவை ஒழுங்காகக் கூடியது. மரம் நடுவிழாவை மழை கெடுத்தது, கேட்ட மானியமும் வரவில்லை. சரி, அதை விடுவோம்.

கோயில் மண்டபத்தில் நடந்த உரைதான் இந்த ஆண்டின் முக்கிய நிகழ்ச்சி. அருகிவரும் கடல் பாலூட்டிகளின் உடலுக்குள் வாழும் ஒட்டுண்ணிகளைப் பற்றியது. "செம்பனைக்காட்டுக்காரனுக்கு இது எதுக்கு?" என்று முணுமுணுத்தவர்களே கடைசிவரை உட்கார்ந்திருந்தார்கள்.

ஹவாய்த் துறவிச் சீல்கள் ஏறத்தாழ 1,600தான் மிச்சம். 2001க்குப் பிறகு குறைந்தது 12 சீல்களைக் கொன்றிருப்பது டாக்சோபிளாஸ்மா என்ற ஒட்டுண்ணி. அது நுண்முட்டை உண்டாக்குவது பூனையின் குடலில் மட்டுமே. எலியைத் தின்று தொற்று வாங்கிய பூனை, ஓரிரு வாரங்களுக்கு அவற்றை லட்சக்கணக்கில் மலத்தோடு கழிக்கும். மழைநீர் கடலில் சேர்க்கும். உப்புநீரிலும் அவை மாதக்கணக்கில் சாகா. கலிபோர்னியாவில் கடல் நீர்நாய்களும் இதே நோயில் சாகின்றன. அங்கே கடல்நத்தையைத் தின்பதாலும் தொற்று வருகிறதாம்.

"அப்போ நம்ம கெராங்?" என்று, நாம் தின்னும் அந்தச் சிப்பியைப் பற்றி ஓர் அக்கா கேட்டதும் மண்டபமே நிமிர்ந்தது. சிப்பி வகைகள் நீரை வடிகட்டித் தின்பவை, அதனால் நுண்முட்டை உள்ளே தங்கக்கூடும். நன்றாக வேகவைத்தால் செத்துவிடும் என்றார் பேச்சாளர். அரைவேக்காட்டுப் பிரியர்கள் சிலர் தலையைக் குனிந்துகொண்டதைப் பார்த்தேன். கர்ப்பிணிகள் பூனைமண்ணை, அதாவது பூனை மலம் கழிக்கும் மண்ணை, தொடவேண்டாம் என்பதையும் அழுத்திச் சொன்னார். வயிற்றுப் பிள்ளைக்கு ஆபத்து.

நம் லயத்து வீடுகளின் பூனைமண்ணும் பாரிட் என்ற வடிகாலில்தான் விழுகிறது. கடல் வற்றும்போது மடை திறந்தால் எல்லாம் கடலுக்கு. இதே பேராக் கரையில், மாத்தாங் பக்கம், ஐராவதி டால்பின்கள் இருக்கின்றன. அவையும் அருகிவரும் இனம்தான்.

ஆண்டின் ஒரே சச்சரவும் இதில்தான். பூனைகளைப் பிடித்துப் பக்கத்துத் தோட்டத்தில் விடலாம் என்றார் ஒருவர். அந்தத் தோட்டத்துப் பாரிட் வேறு எங்கே போகிறது? செயலவை ஏற்கவில்லை.

பூனைமண்ணைத் தினமும் அள்ளிப் பையில் கட்டிக் குப்பைத்தொட்டியில் போடுவது என்று முடிவானது. நுண்முட்டை தொற்றும் நிலைக்கு வர ஒரு நாளாவது ஆகும், அதனால் தினமும் அள்ளுவதில் பலன் உண்டு. தெருப்பூனைகளுக்குக் கருத்தடை செய்யச் சங்க நிதியைப் பயன்படுத்தும் தீர்மானம், இன்று தேர்தலுக்கு முன் வாக்கெடுப்புக்கு வருகிறது. கணக்கறிக்கையைப் பொருளாளர் வாசிப்பார்.