டீர்ஹர்ஸ்ட் கல்தொட்டி

அன்புள்ள டேவிட்டுக்கு, அப்பா எழுதுவது.

அக்கா வீட்டில் எல்லாரும் சுகம். பாப்பாவுக்கு இருமல் விட்டதா? அங்கே இன்னும் குளிர் குறையவில்லை என்று அக்கா சொன்னாள். காதை மூடாமல் வெளியே தூக்கிக்கொண்டு போகாதீர்கள். பாலம் வேலை முடிகிற நேரம், பொறுப்பு முழுக்க உன் தலையில் என்று தெரியும். இங்கே வருகிறவர்களிடமெல்லாம் அதைத்தான் சொல்லிக்கொண்டிருக்கிறேன். ஆனாலும் நீ பேசி மூன்று வாரம் ஆகிறது ஐயா. லீட்ஸும் செல்ட்னமும் ஒரே நாட்டில்தானே இருக்கின்றன.

சனிக்கிழமை மாப்பிள்ளை என்னை டீர்ஹர்ஸ்டுக்குக் கூட்டிப்போனார். சேவர்ன் ஆற்றோரம் சின்ன ஊர். அங்கே மரியாள் பெயரில் ஆயிரம் வருஷத்துக்கு மேற்பட்ட கோயில். உள்ளே ஒரு ஞானஸ்நானத் தொட்டி, 9-ஆம் நூற்றாண்டு வேலை என்கிறார்கள். நார்மன்கள் 1066-இல் இந்த நாட்டைப் பிடிப்பதற்கும் முந்தியது.

நீ பார்த்தால் அந்த இடத்தை விட்டு நகரமாட்டாய். கல்லைச் சுற்றிச் சுருள் சுருளாகச் செதுக்கியிருக்கிறான். ஒரு சுருள் முடிகிற இடத்தில் எக்காள வாய் மாதிரி விரிந்து, அடுத்த சுருளுக்குள் போய்விடுகிறது. எங்கே தொடங்கினான் என்று பார்க்க நான் இரண்டு தடவை சுற்றி வந்தேன். பிடிபடவில்லை.

1640-களில் உள்நாட்டுப் போர் நடந்தபோது பல கோயில்களில் பழைய தொட்டிகளைப் பிடுங்கி எறிந்தார்களாம். மாட்டுக்குத் தண்ணீர் காட்டும் தொட்டியானவை எத்தனையோ. இந்தத் தொட்டியும் ஒரு பண்ணையில்தான் கிடந்திருக்கிறது. 1840-களில் அடையாளம் கண்டு பக்கத்து லாங்டன் ஊர்க் கோயிலில் வைத்தார்கள். ஆனால் தொட்டியைத் தாங்கும் கால் இல்லை. பல வருஷம் கழித்து ஏப்பர்லி என்ற ஊரில், ஆற்றை ஒட்டிய ஒரு தோட்டத்தில் கல்தூண் ஒன்று கிடைத்தது. அதிலும் அதே சுருள். அங்கிருந்த ஒரு அம்மையார் லாங்டன் கோயிலுக்குப் புதுத் தொட்டி செய்து கொடுத்து, பழையதைக் கேட்டு வாங்கி, இரண்டையும் டீர்ஹர்ஸ்டில் சேர்த்து நிறுத்தினார். அந்த அம்மாவுக்கு எவ்வளவு பொறுமை இருந்திருக்க வேண்டும்!

பார்த்ததை எழுதினேன், அவ்வளவுதான். பாப்பாவின் ஞானஸ்நானம் பற்றிய அந்தப் புதன்கிழமை பேச்சை நான் மறுபடி கிளறவில்லை. பாப்பாவுக்கு வருகிற மாதம் ஒரு வயது ஆகிறது என்பது உனக்கும் தெரியும். மருமகள் வீட்டு வழக்கம் வேறு என்பதும் எனக்குத் தெரியும். நீங்கள் இரண்டு பேரும் பேசி எதைச் செய்தாலும் சரி. ஆனால் அக்காவிடம் சொல்லியனுப்பாமல் என்னிடம் நீயே சொல்லியிருக்கலாம். பெற்றவனுக்கு அந்த அளவு கூடவா இடமில்லை?

சரி, நான் கேட்கக்கூடாது. ஏன் கேட்கக்கூடாது என்று தொட்டி முன்னால் நின்றபோதுதான் உறைத்தது.

ஆல்பத்தில் உன் ஞானஸ்நானப் படம் இருக்கிறதே, தாத்தா உன்னை ஏந்திக்கொண்டு நிற்க, ஐயர் உன் தலையில் தண்ணீர் விடுகிற படம். அதில் அப்பா எங்கே என்று சின்ன வயதில் நீ கேட்டாய். படம் எடுத்ததே நான்தான் என்றேன். எடுத்தது ஸ்டூடியோக்காரர். நான் அன்றைக்குக் கோயிலுக்கே வரவில்லை. உன் பெயர் விஷயமாகத் தாத்தாவோடு எனக்குச் சண்டை. லீவு கிடைக்கவில்லை என்று தந்தி அடித்துவிட்டுத் தூத்துக்குடியில் அறையிலேயே படுத்துக் கிடந்தேன். உன் அம்மாவுக்குத் தெரியும். கடைசிவரை அவள் ஒரு வார்த்தை கேட்கவில்லை. அப்படிப்பட்டவன் உன்னிடம் தேதி கேட்டுப் போனில் சத்தம் போட்டேன். மன்னித்துக்கொள் ஐயா.

18-ஆம் தேதி எனக்கு ஃப்ளைட். அதற்கு முந்தின ஞாயிறு வரை எங்கேயும் போகமாட்டேன். நீ வரமுடியாவிட்டால் நான் ரயில் ஏறி வருகிறேன், எந்த ஸ்டேஷனில் மாறவேண்டும் என்று மட்டும் சொல். பாப்பாவுக்கு அக்கா பின்னிய குல்லா என்னிடம்தான் இருக்கிறது. இருமல் விட்டதா என்று எழுது.

அன்புடன்,
அப்பா