கண்ணாடியை வானமென்று நம்பும் பறவைகள்

மதிப்பிற்குரிய ஆசிரியருக்கு,

பள்ளிக்கரணைச் சதுப்பு நிலத்தின் ஓரத்தில் என் பட்டறை. தேவாலய ஜன்னல்களுக்கு வண்ணக் கண்ணாடி வெட்டி, ஈயப் பட்டையில் கோத்துப் பற்றவைக்கிறேன். விடிந்ததும் நீர்க்கரையில் நீலத் தாழைக்கோழிகள் கோரைத் தண்டைக் காலால் பிடித்துக் கடிக்கும்; கொல்லை முருங்கைக்குத் தேன்சிட்டு வரும். மீன்கொத்தி முதுகின் நீலம் மட்டும், கோபால்ட் கலந்த கண்ணாடியிலும் எனக்கு இதுவரை வாய்த்ததில்லை.

சென்ற வாரம் அந்த மீன்கொத்திகளில் ஒன்று, எதிரே புதிதாக எழுந்த கட்டடத்தின் கண்ணாடிச் சுவரில் மோதி விழுந்தது. என் உள்ளங்கையில்தான் அதன் உயிர் அடங்கியது. கண்ணாடியின் வெளிப்புறத்தில் 5 செ.மீ. இடைவெளியில் புள்ளிகள் ஒட்டினால் பறவைகள் பெரும்பாலும் விலகிப் பறக்கும். 2022-இல், உலக முக்கியத்துவம் வாய்ந்த ஈரநிலம் என்னும் ராம்சார் தகுதி பெற்ற இந்நிலத்தைச் சுற்றியுள்ள கட்டடங்களுக்கு அதைக் கட்டாயமாக்க வேண்டும். புள்ளிகளை வெட்டித் தர நான் தயார், கூலி வேண்டாம்.

— வண்ணக் கண்ணாடிக் கலைஞர், பள்ளிக்கரணை