கம்பளிப்புழு கூட்டுத் தடுப்புப் பணி: நிறைவு அறிக்கை

உறுப்பினர்களுக்கு வணக்கம்.

அணைக்கட்டு வட்டாரத்தில் மானாவாரிப் பட்டத்துக்காக, காணிக்கு இவ்வளவு என்று தொகை போட்டு நாம் தொடங்கிய சிவப்புக் கம்பளிப்புழுத் தடுப்பு வேலைகள் முடிந்துவிட்டன. வரவு செலவு விவரம் பஞ்சாயத்து அலுவலகப் பலகையில் உள்ளது. ரசீதுகளை யாரும் கேட்டுப் பார்க்கலாம்.

இந்தப் புழு ஒரு கொல்லையோடு நிற்பதில்லை. இலை தீர்ந்ததும் கூட்டமாக வரப்பைத் தாண்டி அடுத்தவர் மல்லாட்டையில் (நிலக்கடலையில்) இறங்கிவிடும். உடம்பெல்லாம் ரோமம் அடர்ந்த பெரிய புழுவுக்கு மருந்தும் அவ்வளவாகக் கேட்காது. அதனால்தான் ஊர் எல்லையைப் பார்க்காமல், அடுத்தடுத்த கொல்லைகளை ஒரே வட்டமாக எடுத்துக்கொண்டோம்.

மண்ணுக்குள் மாதக்கணக்கில் கிடக்கும் கூட்டுப்புழு, பட்டத்தின் முதல் பெருமழைக்குத்தான் அந்துப்பூச்சியாக வெளியே வரும். மழை விட்ட அன்றே, வெளிச்சத்துக்கு வரும் அந்துப்பூச்சியைப் பிடிக்கும் விளக்குப்பொறிகளை வைத்தோம். இரவு 8 மணி முதல் 11 மணி வரை எரிந்தது. கரண்ட் போன இடங்களில் பையன்கள் சருகைக் குவித்துக் கொளுத்தினார்கள். அப்புறம் பெண்கள் வரிசையாக நடந்து, இலையின் அடியில் இருந்த முட்டைக் குவியல்களையும் சல்லடையாக அரிக்கப்பட்ட இலைகளையும் கிள்ளி மண்ணெண்ணெய்த் தண்ணீரில் போட்டார்கள். இந்தப் பணியில் மிகப் பெரிய பங்கு அவர்களுடையதுதான், கூலி அதற்கு ஈடாகாது. தப்பிய புழுக்கள் நகர்ந்துவிடாதபடி ஒரு அடி ஆழம், முக்கால் அடி அகலத்தில், சுவர் செங்குத்தாக நிற்கும்படி வாய்க்கால் வெட்டினோம்.

வெளியூரில் இருப்பவர்களின் கரம்பு நிலம்தான் பெரிய தொல்லை. பலர் போனில் சொன்னதுமே சம்மதித்தார்கள். இதற்குச் சட்டமும் இருக்கிறது. 1919-ல் சென்னை மாகாணத்தில் வந்த வேளாண் பூச்சி, நோய்ச் சட்டப்படி, அரசு அறிவித்த பூச்சியை நில அனுபோகதாரர் ஒழிக்காவிட்டால் அதிகாரிகளே ஒழித்துச் செலவை வசூலிக்கலாம். கலிபோர்னியாவில் எலுமிச்சை, ஆரஞ்சுத் தோட்டக்காரர்களுக்கு இதற்கென்றே பூச்சிக் கட்டுப்பாட்டு மாவட்டங்கள் உண்டு. நிலத்துக்கு வரி போட்டு ஆள் வைத்து வேலை நடத்துகிறார்கள். ஒவ்வோர் ஆண்டும் வீடு வீடாகப் போய்க் கேட்பதைவிட, நம் வட்டமும் நிலையான தொகையோடு நடக்க வேண்டும் என்பது கமிட்டியின் கருத்து. அடுத்த கூட்டத்தில் இதைத் தீர்மானமாக வைக்கிறோம்.

ஒரு வேலை மட்டும் உங்கள் கையில். அறுவடை முடிந்ததும் கோடை உழவு போடுங்கள். மேலே வரும் கூட்டுப்புழுவை வெயிலும் பறவைகளும் பார்த்துக்கொள்ளும். டிராக்டர் வேண்டுவோர் கூட்டத்துக்கு முன்பே பெயர் கொடுக்கவும்.